டானிக் பாட்டிலைத் திறக்கும் முன்: அசதியும் புற்றுநோயும்

ஆறு மாதமாக ஒரே அசதி. புற்றுநோயாக இருக்குமா, டாக்டர்? (வாசகர், சேலம்)

வயது எழுதவில்லை. எடை குறைந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், எதுவும் எழுதவில்லை. இதை வைத்துக்கொண்டு ஜோசியம்தான் சொல்ல முடியும்.

அசதி மட்டும் தனியாக வந்தால் பெரும்பாலும் தூக்கக் குறைவு, ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை, மனச்சோர்வு இவற்றில் ஒன்றுதான் காரணம். புற்றுநோய் அந்த வரிசையில் கடைசியில் நிற்கும். கூட்டாளிகளோடு வந்தால் கதை வேறு. டயட் எதுவும் இல்லாமல் ஆறு மாதத்தில் 60 கிலோ 57 ஆவது, இரவில் பனியன் நனையும் வியர்வை, மூன்று வாரம் தாண்டிய இருமல், வலியில்லாத கட்டி, மாதவிடாய் நின்றபின் ரத்தப்போக்கு, மலம் கழிக்கும் பழக்கத்தில் மாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். இல்லையென்றால் சிபிசி (ரத்த அணுக்களின் எண்ணிக்கை), இஎஸ்ஆர் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்பது), சர்க்கரை, டிஎஸ்ஹெச் (தைராய்டு), கிரியாட்டினின் (சிறுநீரகம்), கால்சியம், கல்லீரல் பரிசோதனைகளை முடித்துவிட்டு எழுதுங்கள். வயதையும் சேர்த்து.

அப்பாவுக்கு 61 வயது. ஹீமோகுளோபின் 8.6 இருந்தது. இரும்புச்சத்து டானிக்கில் 11 ஆனது. நிறுத்தியதும் மறுபடி 9. வேறு நல்ல டானிக் சொல்ல முடியுமா? மூலம் உண்டு, மற்றபடி ஆரோக்கியமானவர். (வாசகி, மதுரை)

சொல்ல மாட்டேன். டானிக் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கிறது. உங்கள் அப்பாவின் உடம்பில் எங்கேயோ ரத்தம் ஒழுகுகிறது. நீங்கள் ஓட்டையை அடைக்காமல் தொட்டியை நிரப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு. சாப்பாட்டிலிருந்து நம் குடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம். தினமும் பத்து மில்லி, அதாவது இரண்டு டீஸ்பூன் ரத்தம் குடலில் கசிந்தால் ஐந்து மில்லிகிராம் போகிறது. வரவைவிடச் செலவு அதிகம், சில மாதத்தில் கஜானா காலி. இந்த இரண்டு டீஸ்பூன் மலத்தில் கண்ணுக்குத் தெரியாது. பெருங்குடலின் வலது பக்கம் வளரும் புற்றுநோயின் தந்திரமே இதுதான். அங்கே குடல் அகலம், மலம் கூழ்போல இருக்கும், அடைப்பு சீக்கிரம் வராது. வலி இருக்காது. முதல் அறிகுறியே ஏறும்போது மாடிப்படி கனப்பதாக இருக்கலாம்.

மூலத்தின் மேல் பழிபோட்டுத் தப்பிக்கவும் வேண்டாம். மூலம் இருப்பவருக்குக் குடல் புற்றுநோய் வராது என்று எந்தச் சட்டமும் இல்லை. ஐம்பது தாண்டிய ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்து குறைந்த ரத்தசோகை என்றால், காரணம் தெரியும்வரை குடல் ரத்தக்கசிவு என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பாருங்கள். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 80-க்குக் கீழே, ஃபெரிட்டின் 30-க்குக் கீழே என்றால் இரும்புக் குறைவு ஏறக்குறைய உறுதி. அடுத்து எண்டோஸ்கோபி, கொலோனோஸ்கோபி (கேமரா குழாயால் இரைப்பையையும் பெருங்குடலையும் பார்ப்பது) இரண்டும். புற்றுநோய்தான் என்று நான் சொல்லவில்லை. மூட்டுவலி மாத்திரையால் வந்த வயிற்றுப்புண்ணாகவோ, வெறுங்காலோடு வயலில் நடப்பவரென்றால் கொக்கிப்புழுவாகவோகூட இருக்கலாம். ஆனால் பார்க்காமல் தெரியாது. கொலோனோஸ்கோபிக்கு ஒரு வாரம் முன்பே இரும்பு மாத்திரையை நிறுத்துங்கள். மலம் கறுத்து ஒட்டிக்கொண்டால் கேமராவுக்கு ஒன்றும் தெரியாது.

ரத்தசோகை என்றதும் பீட்ரூட், மாதுளை, டானிக் என்று வீட்டிலேயே வைத்தியம் முடிந்துவிடுவதுதான் எனக்கு ஆறாத எரிச்சல். பீட்ரூட்டின் சிவப்பு இரும்பு அல்ல, வெறும் சாயம். எண் ஏறியதும் எல்லாரும் நிம்மதியாகிவிடுகிறார்கள், கட்டிக்கு இன்னும் ஆறு மாதம் கிடைக்கிறது.

புற்றுநோய்க்கான ரத்தப் பரிசோதனைகள் சிஏ 125, சிஇஏ நார்மல். அப்படியானால் பயமில்லைதானே? (வாசகி, கோவை)

அப்படிச் சொல்ல முடியாது. அவை தெரிந்த நோயைத் தொடர்ந்து கவனிக்க உதவுபவை, தெரியாத நோயைத் துழாவ அல்ல. நார்மலாக இருந்தும் நோய் இருக்கலாம், ஏறியிருந்தும் இல்லாமல் இருக்கலாம்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், கீமோ நடக்கிறது. எவ்வளவு தூங்கினாலும் அசதி போகவில்லை. படுக்கையைவிட்டு இறங்கவே விடாதீர்கள் என்கிறார்கள் உறவினர்கள். (வாசகர், தஞ்சாவூர்)

தூங்கியும் போகாத அசதி என்பதுதான் புற்றுநோய் அசதியின் அடையாளம். வயலில் வேலை செய்த களைப்பு ஒரு தூக்கத்தில் தீரும், இது தீராது. நாள் முழுக்கப் படுத்தால் தசை கரையும். பிறகு பாத்ரூம் போவதே மலையேறுவதாகிவிடும். முதல் வாரம் காலையில் ஐந்து நிமிடம், மாலையில் ஐந்து நிமிடம் வாசலில் நடக்கட்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். அரை மணி நேரம், வாரத்தில் நான்கைந்து நாள் என்பது இலக்கு. நடந்த மறுநாள் எழவே முடியவில்லை என்றால் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். பகல் தூக்கம் அரை மணி, மூன்று மணிக்குள். காய்ச்சல், தலைசுற்றல், மூச்சுத்திணறல் இருந்தால் நடை வேண்டாம். எலும்பில் பரவியிருந்தால் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

அசதிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று தினமும் காலண்டரில் குறித்துவையுங்கள். நான்கைத் தாண்டி நின்றால் ஹீமோகுளோபின், தைராய்டு, சோடியம், வலி, மனச்சோர்வு எல்லாவற்றையும் டாக்டர் ஒருமுறை பார்க்க வேண்டும்.

கீமோ முடிந்து மூன்று நாள் சுறுசுறுப்பு, நான்காம் நாள் சுருண்டு விழுகிறேன். (வாசகர், நாகர்கோவில்)

வாந்திக்காகக் கொடுத்த டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு இறங்கும் நாள் அது. எதிர்பார்த்ததுதான். சுறுசுறுப்பு போகிறதே என்று மருந்துக்கடையில் வாங்கி நீட்டிக்காதீர்கள்: சர்க்கரை ஏறும், தூக்கம் போகும், தொற்று வரும். வங்கி வேலை, வெளி வேலை எதையும் நான்கு முதல் ஏழாம் நாள் வரை வைத்துக்கொள்ளாதீர்கள்.

அண்ணனுக்கு இம்யூனோதெரபி (நோயெதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் புற்றுநோய் சிகிச்சை), நான்காவது டோஸ் ஆகிவிட்டது. திடீரென்று எழுந்து நிற்கக்கூட முடியவில்லை, பிரஷர் குறைவு. சத்துக்குறைவா? (வாசகி, திருச்சி)

இன்றைக்கே காட்டுங்கள். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் தைராய்டு, பிட்யூட்டரி, அட்ரினல் சுரப்பிகளைப் படுக்கவைக்கலாம். டிஎஸ்ஹெச், ஃப்ரீ டி4 (இரண்டும் தைராய்டுக்கு), சோடியம், கார்ட்டிசோல் (அட்ரினல் சுரக்கும் ஹார்மோன்) பார்க்க வேண்டும். கார்ட்டிசோலுக்குக் காலை எட்டு மணி ரத்தம்தான் தோது, ஆனால் பிரஷர் விழுந்திருக்கும்போது அதற்காக விடியும்வரை காத்திருக்கக்கூடாது. தைராய்டும் கார்ட்டிசோலும் சேர்ந்து குறைந்திருந்தால் கார்ட்டிசோலுக்கு ஈடான ஹைட்ரோகார்ட்டிசோன் முதலில், தைராய்டு மாத்திரை பிறகு. மாற்றிக் கொடுத்தால் ஆபத்து.

ஹீமோகுளோபின் 9.2. ரத்தம் ஏற்றிக்கொண்டால் தெம்பு வருமா? (வாசகர், ஈரோடு)

பொதுவாக ஏழெட்டுக்குக் கீழே போனாலோ, மூச்சுவாங்கல், நெஞ்சுவலி இருந்தாலோதான் ஏற்றுவார்கள். ஒரு யூனிட்டுக்குச் சுமார் ஒரு கிராம் ஏறும், அவ்வளவே.

கீமோவோடு சீந்தில் கஷாயம் குடிக்கலாமா? (வாசகி, விழுப்புரம்)

வேண்டாம். சீந்திலால் கல்லீரல் பாதித்தவர்கள் இருக்கிறார்கள். கீமோ மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்றுவதும் அதே கல்லீரல்தான்.

கீமோ போட்டுப் பத்தாம் நாள். 101 டிகிரி காய்ச்சல், அடித்துப்போட்ட அசதி. பாராசிட்டமால் போட்டதும் இறங்கியது. அடுத்த வாரம் டாக்டரைப் பார்க்கும்போது சொன்னால் போதுமா? (வாசகர், வேலூர்)

இதைக் கடிதம் எழுதியா கேட்பது? ஏழு முதல் பதினான்காம் நாள் வரை வெள்ளணுக்கள் தரைதட்டியிருக்கும். 100.4 தாண்டினாலே அவசர சிகிச்சை, நடு ராத்திரியானாலும். பாராசிட்டமால் காய்ச்சலை மறைக்கும், கிருமியைத் தொடாது. போனதும் வாசலிலேயே "கீமோவில் இருக்கிறேன், பத்தாம் நாள், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஊசி ஆன்டிபயாட்டிக் ஏற வேண்டும். வெள்ளணு ரிப்போர்ட் பிறகு வரட்டும்.