கட்டம் கலையாத படிவம்

கேள்வி: குடியிருப்போர் சங்கத்துக்காக வேர்டில் உறுப்பினர் படிவம் தயாரித்தேன். லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருளில் திறந்தவர்களுக்குக் கட்டங்கள் இடம் மாறிவிட்டன. என்ன வழி?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேர்டு கோப்பை யாருக்கும் அனுப்பாதீர்கள், அம்மா. பிடிஎஃப் படிவமாக அனுப்புங்கள். நிரப்பும் கட்டங்கள் அதில் 1996 முதலே உண்டு. லிப்ரே ஆபீஸ் ரைட்டரின் ‘ஃபார்ம்’ மெனுவிலிருந்து ‘டெக்ஸ்ட் பாக்ஸ்’ எடுத்துக் கட்டங்களை வரையுங்கள். பிடிஎஃப் ஆக மாற்றும்போது ‘கிரியேட் பிடிஎஃப் ஃபார்ம்’ என்பதில் டிக் இருக்கட்டும். வேலை அவ்வளவுதான்.

ஆனால், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப்பெயர் வையுங்கள். எங்கள் தெரு நூலகப் படிவத்தில் இரண்டு கட்டங்களுக்கு ஒரே பெயரை வைத்து, பிடிஎஃப் ஆக மாற்றும்போது ஒரே பெயர் இருக்கலாம் என்று அனுமதியும் கொடுத்துவிட்டேன். உறுப்பினர் பெயரைத் தட்டத் தட்ட, பரிந்துரைப்பவர் இடத்திலும் அதே பெயர் எழுத்தெழுத்தாக ஏறியது!

தமிழில் நிரப்பும்போது சில செயலிகளில் கொம்பும் காலும் பிரிந்து நிற்கும். எனவே அனுப்புவதற்கு முன் ‘கொடைக்கானல்’ என்று தட்டி, கணினியிலும் கைப்பேசியிலும் அவசியம் திறந்து பாருங்கள்.