யூனியன் சொல்லும் கட்சிக்கு ஓட்டா?

கேள்வி: நான் கட்டுமான வேலை செய்பவன். போன ஒன்ராறியோ தேர்தலில் டக் போர்ட்டின் கட்சியை ஆதரிக்கச் சொல்லி எங்கள் யூனியன் கடிதம் அனுப்பியது. யூனியன்கள் கட்சிகளுக்கு உதவக்கூடாது என்று சட்டம் இருக்கிறதாமே? என் சந்தாப் பணத்தில் இப்படிச் செய்யலாமா?
(பெயர் வேண்டாம், ஸ்காபரோ)

பதில்: செய்யலாம். நீங்கள் கேள்விப்பட்ட சட்டம் பணத்தைக் கட்டுகிறது, வாயைக் கட்டவில்லை. 2017 ஜனவரியிலிருந்து ஒன்ராறியோவில் கம்பனியும் சரி, யூனியனும் சரி, கட்சிக்கு நன்கொடை கொடுக்க முடியாது. "இன்னாரை ஆதரிக்கிறோம்" என்று அறிவிப்பதற்குத் தடை எதுவும் இல்லை. உறுப்பினர்களுக்கு நேரடியாக அனுப்பும் கடிதத்தைத் தேர்தல் நிதிச் சட்டம் விளம்பரமாகவே எண்ணுவதில்லை. அதையே தொலைக்காட்சியில் போட்டு, செலவு 500 டொலரைத் தொட்டால்தான் மூன்றாம் தரப்பு (கட்சியோ வேட்பாளரோ அல்லாதவர்) என்று பதிய வேண்டும், உச்சவரம்பும் வரும்.

சந்தா விவகாரமும் எப்போதோ தீர்ந்துவிட்டது. லவின் என்ற கல்லூரி ஆசிரியர் யூனியனில் சேராதவர்; ஆனாலும் சந்தா பிடித்தார்கள். அது என்.டி.பி. எனும் புதிய ஜனநாயகக் கட்சிக்கும், பிரிட்டனில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களுக்கும் போகிறதே என்று வழக்குப் போட்டார். 1991இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். எல்லோரிடமும் சந்தா பிடிக்கும் ஏற்பாடே 1945இல் வின்சரில் நடந்த கார்த் தொழிற்சாலை வேலைநிறுத்தத்துக்குப் பிறகு நீதிபதி ராண்ட் சொன்ன தீர்வுதான். அந்தத் தொழிற்சாலையின் பெயரும் போர்ட். என்ன செய்வது!

இப்போது நான் ஒன்று கேட்கிறேன். உங்கள் எரிச்சல் கட்சியின் மேலா, முறையின் மேலா? 1961இல் என்.டி.பி. பிறந்ததே கனடியத் தொழிலாளர் காங்கிரசும் சேர்ந்து பெற்றதால்தான். பல யூனியன் கடிதங்களில் காலங்காலமாக அந்தப் பெயர்தான் இருந்தது. கடிதத்தில் அதே பெயர் வந்திருந்தால் எனக்கு எழுதியிருப்பீர்களா?

போர்ட் அரசையும் சும்மா விடுவதற்கில்லை. தேர்தலுக்கு முந்திய ஆறு மாதத்துக்கு 6 லட்சம் டொலர் என்றிருந்த மூன்றாம் தரப்பு விளம்பர வரம்பை, தொகையைக் கூட்டாமல் 12 மாதத்துக்கு இழுத்தது. ஆசிரியர் சங்கங்களும் இருந்த 'வேர்க்கிங் ஃபமிலிஸ்' கூட்டணி வழக்குப் போட்டது. 2021 ஜூன் 8இல் நீதிபதி மோர்கன் அதைச் செல்லாது என்றார். ஆறே நாளில், சில உரிமைகளை மீறியும் சட்டம் போட அரசுக்கு இடம் தரும் உரிமைச் சாசனத்தின் 33ஆம் பிரிவைக் கையிலெடுத்து மறுபடி நிறைவேற்றினார்கள். ஒன்ராறியோவில் அதுதான் முதல் தடவை. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அரசின் மேன்முறையீட்டை 5–4 என்று தள்ளுபடி செய்தது; அந்த வரம்பு செல்லாமல் போனது. அது வாக்குரிமையை மீறியது, வாக்குரிமையை 33ஆம் பிரிவால் தொட முடியாது என்பதுதான் காரணம். அந்த 12 மாதத்தில் முதல் ஆறு மாதம் கட்சிகளுக்கு எந்த வரம்பும் இல்லை என்பதையும் நீதிபதிகள் கவனித்தார்கள். வரம்பு எல்லா யூனியனுக்கும் பொதுவாகத்தான் இருந்தது. ஆனால் விளம்பரத்துக்குப் பணம் இறைத்தது எதிர்த்தவர்கள்; ஆதரித்தவர்களுக்கு ஒரு அறிக்கையும் மேடையில் ஒரு படமும் போதும்.

லியூனா போன்ற கட்டுமானச் சங்கங்கள் 2022இல் போர்ட்டை ஆதரித்ததை நான் துரோகம் என்று சொல்லமாட்டேன். நெடுஞ்சாலையும் ரயில் பாதையும் அவர்களுக்குச் சோறு. அதே ஆண்டு நவம்பரில், பள்ளி ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைத் தடுக்க 33ஆம் பிரிவு மறுபடி வந்தபோது லியூனாவும் எதிர்த்தது. அரசு சட்டத்தைத் திரும்பப் பெற்றது.

நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விதான் எனக்கு முக்கியம்: அந்தக் கடிதத்தை யார் தீர்மானித்தது? உங்கள் லோக்கல் கிளையில் கூட்டம் போட்டு ஓட்டெடுத்தார்களா, இல்லை மேலிடத்தில் நாலு பேர் முடிவு செய்தார்களா? சங்கத்தின் யாப்பை வாங்கிப் பாருங்கள். அப்புறம் அடுத்த கூட்டத்துக்குப் போய் எழுந்து கேளுங்கள். எனக்கு எழுதுவதைவிட அது அவர்களுக்கு உறைக்கும்.