மலையேற்றத்துக்குக் குழந்தையைச் சுமக்கும் பை: எடை குறைந்ததை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஒன்றிலிருந்து மூன்று வயதுக் குழந்தையை முதுகில் உட்காரவைத்துத் தூக்கிப் போகும் பையைத்தான் சைல்டு கேரியர் என்கிறோம். முழுக்கத் துணியால் ஆனது ஒரு கிலோவுக்குள் இருக்கும், மடித்துப் பைக்குள் திணித்துவிடலாம். அலுமினியச் சட்டம் வைத்தது இரண்டு முதல் மூன்றரை கிலோ.

அப்படியானால் துணிதானே லேசு? கடையில் ஆமாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு கிலோ குழந்தை ஏறிய பிறகு, பாரம் எங்கே இறங்குகிறது என்பதே கேள்வி. தண்ணீர்க் குடத்தைக் கையில் தொங்கவிடுவதற்கும் இடுப்பில் வைத்துக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அதனால் அகலமான, கெட்டியான இடுப்புப் பட்டை இல்லாத பையை நான் வாங்கச் சொல்லமாட்டேன். பட்டை இடுப்பெலும்பின் மேல் இறுக உட்காரவேண்டும். தோள் பட்டை பையை முதுகோடு ஒட்டிப் பிடித்தால் போதும்.

அப்புறம் குழந்தையின் கால். தொடை முழுக்கத் தாங்கப்பட்டு, முழங்கால் புட்டத்தைவிடச் சற்று உயரமாக இருக்கவேண்டும். வெறுமனே தொங்கினால் கால் மரத்துப்போய் அழ ஆரம்பித்துவிடும்.

கொல்லிமலை ஆகாய கங்கை அருவிக்கு இறங்குவதுபோல, குழந்தை கொஞ்சம் நடந்து கொஞ்சம் தூக்கச் சொல்லும் ஓரிரு மணி நேரப் பயணத்துக்குத் துணிப்பை போதும். நாள் முழுக்க என்றால் சட்டம் வைத்தது. குழந்தை, சாமான், பை எல்லாம் சேர்த்து எவ்வளவு தாங்கும் என்று லேபிளில் பாருங்கள்.

நமக்கு வேர்க்கிறதே, குழந்தைக்கும் புழுங்கும் என்று பலர் ஸ்வெட்டரைக் கழற்றிவிடுகிறார்கள். நடப்பது நாம்தான், சும்மா உட்கார்ந்திருக்கும் அதற்கு மலைக்காற்றில் குளிரும்.