கேள்வி – பதில்: பால் மாறி வாழ்வோரைத் தொல்காப்பியர் எந்தத் திணையில் வைத்தார்?

கேள்வி: எமது பாடசாலைப் பழைய மாணவர் ஒன்றுகூடலில் பேசிய ஒருவர், தற்பாலீர்ப்பும் பால் மாறி வாழ்தலும் மேல்நாட்டிலிருந்து வந்த பழக்கங்கள் என்றும், தமிழர் பண்பாட்டில் இவற்றுக்கு இடமே இருந்ததில்லை என்றும் கூறினார். மண்டபமே கைதட்டியது. உண்மை என்ன?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், சாவகச்சேரி

பதில்: ஐயா, தாங்கள் கற்பித்திருக்கக்கூடிய இலக்கணத்திலிருந்தே தொடங்குகிறேன். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கத்தில், 'ஆண்மை திரிந்த பெயர்நிலைக் கிளவி' என்று, ஆண்மை திரிந்து பெண்மை கொண்ட பேடியரைக் குறிக்கும் சொல்லை எடுத்துக்கொள்ளும் நூற்பா, அச்சொல்லுக்கெனத் தனி ஈறு இல்லை, அது உயர்திணை ஈறுகளைக் கொண்டே முடியும் என்று விதிக்கிறது. அதே நூற்பாவில் அதற்கு அடுத்ததாக வைத்துப் பேசப்படுவது தெய்வத்தைச் சுட்டும் சொல். பிற்காலத்து நன்னூல், அஃறிணை போலவும் வரலாம் என்று இடம் கொடுத்துவிட்டது. அது எனக்கு இன்றைக்கும் வருத்தமே.

இலக்கணம் விதித்ததைக் காப்பியம் கண்முன் நிறுத்துகிறது. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோர் ஆடல்களுள் ஒன்று, 'ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்து'க் காமன் ஆடிய பேடு. மணிமேகலையில், புகார்த் தெருவில் மக்கள் கூடிநின்று அதே ஆடலைப் பார்க்கிறார்கள். ஆடுபவரைச் சாத்தனார் தலையிலிருந்து தொடங்கி வருணிக்கிறார்: 'சுரியல் தாடி மருள்படு பூங்குழல், பவளச் செவ்வாய்'. சுருண்ட தாடியும் பூச்சூடிய கூந்தலும் ஒரே முகத்தில். காதில் வெள்ளித் தோடு, கையோ காந்தள் மலர். அந்த வரிகளில் ஏளனத்தின் நிழல்கூட விழவில்லை. கதையில் வரும் மணிபல்லவத் தீவு எங்கள் நயினாதீவே என்று நாம் பெருமையோடு உரிமை கொண்டாடும் காப்பியம் இது என்பதை மண்டபத்தில் கைதட்டியவர்களுக்கு யாராவது நினைவூட்டியிருக்கலாம்.

பழந்தமிழர் எல்லோரும் பேடியரை மதித்தார்கள் என்று நான் சொல்லவில்லை. 'பகையகத்துப் பேடிகை ஒள்வாள்' என்று வள்ளுவர் அவர்களைக் கோழைமைக்கு உவமையாக்கியிருக்கிறார். மேலும், இந்தச் சான்றுகள் பால்நிலை பற்றியவை. ஆணை ஆணோ பெண்ணைப் பெண்ணோ விரும்புவதற்கும் இவையே சான்று என்று இழுப்பது நேர்மையாகாது. ஆனால் இடமே இருந்ததில்லை என்ற கூற்று நிற்காது.

வெளியிலிருந்து வந்தது எது என்று கேட்டால், அதற்குத் திகதியே உண்டு. ஆங்கிலேயர் 1883 இல் இயற்றிய தண்டனைச் சட்டக்கோவையின் 365 ஆம் பிரிவும், அதைத் தொடரும் 365அ பிரிவுமே தற்பாலுறவை இலங்கையில் குற்றமாக்கின. ஆண்களை மட்டும் குறித்த 365அ, 1995 திருத்தத்தில் பெண்களையும் உள்ளடக்கியது. இதை மட்டும் எமது பாராளுமன்றமே செய்தது. இக்குற்றத்தை நீக்குவதற்கான தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று உயர் நீதிமன்றம் 2023 மே மாதம் முடிவு கூறிய பின்பும், பிரிவுகள் உடனே நீங்கிவிடவில்லை.

கேள்வி: எங்கள் ஊர்க் கூத்தில் பெண் வேடம் கட்டிய ஆண்களையும் பால் மாறி வாழ்பவர்களோடு சேர்த்துச் சொல்லலாமா?
– வாசகர், வடமராட்சி

பதில்: சேர்க்க வேண்டாம். பெண்கள் மேடையேறாத காலத்தில் பெண்பாகம் ஆடுவது ஒரு கலைத்தொழில். சிறுவயதில், பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில், கொட்டகையின் பின்புறம் அரிச்சந்திரன் மனைவி சந்திரமதியின் வேடத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். அரிதாரம் பூசிய முகத்தோடு பீடி குடித்தவர், கொசுவத்தைத் தானே மடித்துச் செருகினார். மயானத்தில் அவர் மகனைத் தூக்கி அழுதபோது ஊரே அழுதது. விடிந்ததும் சாரத்தோடு தோட்டத்துக்குப் போனார். ஆனால் வேடத்தைக் கழற்றும்போது மட்டும் துயரப்பட்டவர்கள் அந்த மேடைகளில் ஒருவர்கூட இருந்திருக்கமாட்டார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. அவர்களுக்கு அன்று சொல் கிடைக்கவில்லை. அந்த மறைவு இன்றி மேடையில் நிற்பவராக, மதுரையில் பிறந்து தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பரதம் பயின்ற நர்த்தகி நடராஜைச் சொல்வேன். திருநங்கையாகிய அவர் 2019 இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

கேள்வி: ஆணாகப் பிறந்த என் பிள்ளை தன்னை மகள் என்கிறது. உறவினரிடம் எந்தச் சொல்லைச் சொல்வது? பத்திரங்களை மாற்ற முடியுமா?
– தாய், கொக்குவில்

பதில்: அம்மா, 'திருநங்கை' என்று சொல்லுங்கள், பெண்ணாகப் பிறந்து ஆணாக வாழ்பவர் 'திருநம்பி'. தெருவில் எறியப்படும் மற்றச் சொற்களை வீட்டுக்குள் விடாதீர்கள். சுகாதார அமைச்சின் 2016 ஆம் ஆண்டுச் சுற்றுநிருபத்தின்படி, உளநல வைத்திய நிபுணரின் மதிப்பீட்டின் வழியே பால்நிலை அங்கீகாரச் சான்றிதழ் பெறலாம். அதைக் கொண்டு பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பெயரையும் பாலையும் மாற்ற விண்ணப்பிக்கலாம். அதற்குக் காலம் எடுக்கும். அதுவரை, 'தம்பி' என்று கூப்பிட்ட வாயால் மகளைக் கூப்பிடுவதுபோல 'பிள்ளை' என்று கூப்பிடுவதற்கு எந்தப் பத்திரமும் தேவையில்லை. இன்று பின்னேரம் தேத்தண்ணீர் கொடுக்கும்போதே தொடங்கலாம்.