கார் கண்ணாடியில் கூலிங் ஃபிலிம் ஒட்டலாமா, கூடாதா? கேட்டவர்களுக்குப் பதில்

கேள்வி: கடையில் "70 சதவீத ஃபிலிம் சார், லீகல்தான்" என்கிறார்கள். நம்பி ஒட்டலாமா?

அந்த 70 என்பது ஃபிலிம் மட்டும் எவ்வளவு வெளிச்சம் விடும் என்ற கணக்கு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் விதி 100-ஐப் பாருங்கள்: முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீத வெளிச்சத்தையும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதத்தையும் உள்ளே விட வேண்டும். உங்கள் கண்ணாடி 75 விடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அதன் மேல் 70 ஃபிலிம் ஒட்டினால் மிஞ்சுவது 52தான். பக்கத்துக்கு மயிரிழையில் தப்பிக்கும், முன்கண்ணாடிக்குத் தேறாது. கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார்.

கேள்வி: சுப்ரீம் கோர்ட்தான் மொத்தமாகத் தடை போட்டுவிட்டதே?

ஆமாம், அவிஷேக் கோயங்கா வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று. எத்தனை சதவீத ஃபிலிமாக இருந்தாலும் ஒட்டக்கூடாது என்றார்கள், மே 4 முதல் அமல். கண்ணாடி தயாராகி வரும்போதே அந்த 70, 50 இருக்க வேண்டும் என்றுதான் விதி சொல்கிறது, வாங்கிய பிறகு நீங்களாக ஒட்டி அந்த அளவுக்குக் கொண்டுவர இடமில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். அதனால் கம்பெனியிலிருந்தே அளவோடு நிறம் ஏற்றி வந்தால் பிரச்சினை இல்லை.

கேள்வி: அப்புறம் கேரளாவில் மட்டும் ஒட்டலாம் என்கிறார்களே, எப்படி?

இங்கேதான் குழப்பமே. 2021 ஏப்ரல் 1 முதல் விதி 100-இல் 'சேஃப்டி கிளாஸ்' என்பதோடு 'சேஃப்டி கிளேஸிங்' என்பதும் சேர்ந்துவிட்டது, அதாவது உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் உள்ள கண்ணாடியும் இதில் வரும். அதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள ஹைகோர்ட், தரமும் 70, 50 அளவும் சரியாக இருந்தால் ஃபிலிமுக்கு அபராதம் போட முடியாது, கார் கம்பெனிதான் ஒட்ட வேண்டும் என்றும் இல்லை என்று சொன்னது. ஆனால் அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டு போலீஸைக் கட்டுப்படுத்தாது. வழக்கு என்று வந்தால் இங்கேயும் எடுத்துக்காட்டலாம், சிக்னலில் வெயிலில் நின்றுகொண்டு காட்டினால் யார் படிப்பார்கள்? நான் ஒட்டவில்லை.

கேள்வி: குழந்தைக்காகப் பக்கத்தில் வலை ஷேட் மாட்டியிருக்கிறோம், அதுவுமா?

2012 உத்தரவில் ஃபிலிமோடு 'வேறு எந்தப் பொருளும்' என்றும் இருக்கிறது. வண்டி நிற்கும்போது மாட்டுங்கள், ஓடும்போது கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பிடித்தால் எவ்வளவு?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 177-இன்படி முதல் முறை 500 ரூபாய் வரை, மறுபடி பிடிபட்டால் 1,500 வரை. அந்த இடத்திலேயே போலீஸ் ஃபிலிமை உரித்தும் விடலாம், அதற்கும் கோர்ட் அதிகாரம் கொடுத்திருக்கிறது.

கேள்வி: செகண்ட் ஹேண்ட் கார், முன்பே ஒட்டியிருக்கிறது. நான் ஒட்டலையே?

ஒட்டியது யாராக இருந்தாலும் அபராதம் இப்போது ஓட்டுகிற உங்களுக்குத்தான். ஹேர் டிரையரால் சூடு காட்டி மெதுவாக உரியுங்கள். பின்கண்ணாடியில் டிஃபாகர் கோடுகள் (பனிப்படலம் போக்கச் சூடாகும் மெல்லிய கம்பிக் கோடுகள்) இருந்தால் மட்டும் பிளேடைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள்.