தேர்வுக்குப் படிப்பவர் கடற்கரையில் ஓடினால் நேரம் வீணா?

கேள்வி: எனக்கு வயது 23. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருந்துகொண்டு அரசுப் பணித் தேர்வுக்குப் படிக்கிறேன். தினமும் பத்து மணி நேரம் படித்தும், மதியத்துக்கு மேல் எதுவும் மனத்தில் பதிவதில்லை. காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஓடினால் நினைவாற்றல் கூடும் என்கிறார் நண்பர். அந்த நேரத்தில் நாலு பக்கம் படிக்கலாமே என்கிறார் அப்பா. எது சரி?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது சரிதான், ஆனால் நினைவாற்றல் என்று அவர் சொல்லும் இடத்தில் கவனம் என்று திருத்திக்கொள்ள வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாத, 20 முதல் 67 வயது வரையிலான 132 பேர் இரண்டு பிரிவாகி, ஒரு பிரிவினர் வாரம் நான்கு நாள் மூச்சு வாங்குமளவு வேகமான உடற்பயிற்சியும் மற்றவர்கள் உடலை நீட்டி மடக்கும் பயிற்சியும் ஆறு மாதம் செய்தார்கள். முதல் பிரிவினருக்குத் திட்டமிடுதல், கவனச் சிதறலை அடக்குதல் போன்ற, மூளையின் முன்பகுதியைச் சார்ந்த திறன்கள் மேம்பட்டன. நினைவுச் சோதனையில் அப்படி முன்னேற்றம் தெரியவில்லை.

பயிற்சியின்போது, நரம்பு செல்களின் இணைப்புகளைப் பேணும் பி.டி.என்.எஃப். என்னும் புரதம் கூடுதலாகச் சுரக்கிறது. இரவில் தூக்கமும் ஆழமாகிறது. படித்தது நிலைப்பது பெரும்பாலும் அந்தத் தூக்கத்தில்தான் என்பதால், நினைவாற்றலுக்கான பலன் உங்களுக்கு இந்தச் சுற்றுவழியில் வந்து சேரும். ஓடுகிறேன் என்று நாலு மணிக்கே எழுந்து தூக்கத்தைக் குறைத்துக்கொண்டால் அதுவும் போய்விடும்.

எவ்வளவு போதும்? வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான பயிற்சி என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது: மிதமான வேகத்துக்கு அதுவே அடையாளம். உலர்ந்த மணலில் கால் புதைவதால் கெட்டித் தரையைவிட ஏறக்குறைய இரு மடங்கு உழைப்பு தேவைப்படும். ஆகவே முதல் சில வாரங்களுக்கு அலை நனைத்து இறுகிய மணலில் விரைவாக நடந்தாலே போதும். இருபது நிமிட நடைக்குப் பின் சிறிது நேரம் கவனம் கூர்மையாக இருக்கும் என்பதால், கடினமான பாடத்தை வீடு திரும்பியதும் எடுங்கள். மதிய மந்தத்துக்கு மொட்டை மாடியில் பத்து நிமிட நடை உதவும். ஓடும்போது நெஞ்சு வலியோ மயக்கமோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

அப்பாவுக்கு ஒரு செய்தி: அதே ஆய்வில், வயது கூடக் கூடப் பலனும் கூடுதலாக இருந்தது. அவரையும் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள்.