வாய்க்கால் சண்டையில் ஒருவர் இறந்துவிட்டார், மச்சான் மீது கொலைக் குற்றச்சாட்டு. தற்காப்பு என்று சொன்னால் விடுதலை கிடைக்குமா?

நீங்கள் எழுதியிருப்பது இவ்வளவுதான்: படுவான்கரையில் வயலுக்குத் தண்ணீர் திருப்பியதில் வாக்குவாதம் கைகலப்பாகி, மச்சான் மண்வெட்டியால் ஒரே அடி அடித்திருக்கிறார். அடிபட்டவர் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் நான்கு நாள் கிடந்து இறந்துவிட்டார். காயப்படுத்திய வழக்கு கொலை வழக்காகிவிட்டது. மச்சான் அப்போது கசிப்பு (கள்ளச் சாராயம்) குடித்திருந்தார், கூட நின்ற தம்பியையும் வழக்கில் சேர்த்திருக்கிறார்கள்.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் முழு விடுதலை கஷ்டம். ஆனால் கொலையிலிருந்து கைமோசக் கொலைக்கு, அதாவது சட்டம் கொலை என்று எண்ணாத குறைந்த குற்றத்துக்கு, இறக்குவதற்கு நல்ல இடம் இருக்கிறது. இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. தண்டனைச் சட்டக்கோவையின் 296ஆம் பிரிவில் கொலைக்கு மரண தண்டனை மட்டும்தான். நீதிபதி குறைக்க முடியாது. 1976க்குப் பிறகு இலங்கையில் யாரையும் தூக்கிலிடவில்லை, ஆனாலும் அந்தத் தீர்ப்புடன் வருடக்கணக்காகச் சிறையில் இருக்க வேண்டும். கைமோசக் கொலைக்கு 297ஆம் பிரிவில் கூடிய பட்சம் 20 வருடம். கொல்லும் எண்ணம் இல்லை, சாவு வரலாம் என்ற அறிவு மட்டும் இருந்தது என்று நீதிமன்றம் கண்டால் கூடிய பட்சம் 10 வருடம். குறைந்தபட்சம் என்று எதுவும் இல்லை.

"வைத்தியசாலையில் ஒழுங்காகப் பார்த்திருந்தால் பிழைத்திருப்பார்" என்ற வாதத்தில் நேரம் செலவழிக்காதீர்கள். தகுந்த சிகிச்சையால் சாவைத் தடுத்திருக்கலாம் என்றாலும், காயத்தை உண்டாக்கியவரே சாவை உண்டாக்கியவர் என்று 293ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. கேட்க வேண்டியது வேறு: அந்தக் காயம் இயற்கையான போக்கில் சாவை உண்டாக்கப் போதுமானதா, அல்லது சாவு நேரக்கூடும் என்ற அளவுதானா? 294ஆம் பிரிவில் கொலையின் ஒரு கிளை இதில்தான் நிற்கிறது. அடி மண்வெட்டியின் வாயால் விழுந்ததா, பின்பக்கத்தால் விழுந்ததா, ஒரு காயமா பல காயமா, தலையின் எந்த இடம் என்று சட்ட வைத்திய அதிகாரியிடம் உங்கள் சட்டத்தரணி விடாமல் கேட்க வேண்டும். பல வழக்குகளின் போக்கை மாற்றுவது அந்தக் குறுக்கு விசாரணைதான்.

தற்காப்புரிமை 89 முதல் 99 வரையான பிரிவுகளில் இருக்கிறது. மற்றவர் கொல்வார் அல்லது பாரதூரமாகக் காயப்படுத்துவார் என்ற நியாயமான பயம் அந்த நொடியில் இருந்திருந்தால், உயிர் போகும் அளவுக்கும் அது நீளும். ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக்கூடாது. மற்றவர் திரும்பி ஓடும்போது அடித்தால் பயம் முடிந்துவிட்டது, உரிமையும் முடிந்துவிட்டது. தண்ணீரைத் திருப்பினார், வரம்பை வெட்டினார் என்பதற்காக ஒருவரைக் கொல்லும் உரிமை எவருக்கும் கிடையாது. நல்லெண்ணத்தோடு அந்த எல்லையைத் தாண்டியிருந்தால் 294இன் இரண்டாம் விதிவிலக்கு கொலையைக் கைமோசக் கொலையாக்கும்.

உங்கள் மச்சானுக்கு அதைவிடப் பொருத்தமானது நான்காம் விதிவிலக்கு, அதாவது திடீர்ச் சண்டை. முன்திட்டம் இல்லாமல், திடீர்ச் சச்சரவில், ஆத்திர வேகத்தில், முறையற்ற அனுகூலம் எடுக்காமல், கொடூரமாக நடக்காமல் இருந்திருக்க வேண்டும். யார் முதலில் கை வைத்தது என்பது இதற்கு முக்கியமில்லை. மண்வெட்டி ஏற்கனவே கையில் இருந்தது என்பது நல்ல விஷயம். வயலில் நிற்பவர் கையில் அது இருப்பது இயல்பு. வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்து வந்திருந்தால் இந்த வாசல் மூடியிருக்கும். வெறும் கையோடு நின்றவரை அடித்தார் என்றால் "அனுகூலம்" என்ற கேள்வியை அரச தரப்பு எழுப்பும், அதற்குத் தயாராக இருங்கள்.

கசிப்பு குடித்திருந்தார் என்பது தனியாக ஒரு சாட்டு ஆகாது. தானாகக் குடித்தவருக்கு, தெளிவாக இருந்தவருக்குரிய அறிவே இருந்ததாக 79ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. ஆனால் கொல்லும் எண்ணத்தையே உருவாக்க முடியாத அளவு வெறி என்றால் அது எண்ணத்தைப் பாதிக்கும். 1924ஆம் ஆண்டின் ரெங்கசாமி வழக்கிலிருந்து வரும் நிலைப்பாடு இது.

குடும்பங்கள் அதிகம் கெடுத்துக்கொள்வது கதையை மாற்றுவதில். "நான் அங்கே இல்லை" என்பதும் "தற்காப்புக்கு அடித்தேன்" என்பதும் ஒரே வழக்கில் நிற்காது. வேறிடத்தில் இருந்ததாகச் சொல்வதென்றால் அதைப் பொலிஸ் வாக்குமூலத்திலோ, ஆரம்ப விசாரணையிலோ, அல்லது குற்றப்பத்திரம் கிடைத்த பின் வழக்கு விசாரணை தொடங்க 14 நாளுக்கு முன் சட்டமா அதிபருக்கு அறிவித்தோ எழுப்ப வேண்டும். தற்காப்பை முதல் முறையாக மேல் நீதிமன்றக் கூண்டில் நின்று சொன்னால், பிந்திய கதை என்று தள்ள இடமுண்டு. விதிவிலக்கை நிரூபிக்கும் சுமை சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 105ஆம் பிரிவின்படி எதிரியுடையது, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருடையது. ஆனால் நிகழ்தகவுச் சமநிலை, அதாவது அப்படி நடந்திருக்கத்தான் வாய்ப்பு கூட என்று காட்டுவது போதும், சந்தேகத்துக்கு அப்பால் என்ற அளவு தேவையில்லை.

பொலிசாரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டாலும் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அதை எதிராகப் பாவிக்க விடாது. 27ஆம் பிரிவு மட்டும் கவனம்: "மண்வெட்டியைப் பற்றைக்குள் போட்டேன்" என்று சொல்லி அது எடுக்கப்பட்டால், அந்தத் துண்டு சாட்சியாக வரும். அதுவும் பொருள் கிடந்த இடம் அவருக்குத் தெரிந்திருந்தது என்பதைத்தான் காட்டும்.

இப்போதே செய்ய வேண்டிய வேலை மச்சானின் உடம்பில் உள்ள காயங்களைப் பதிவு செய்வது. சிறு கீறலும் சண்டை இரு பக்கமும் நடந்ததற்குச் சாட்சி. இரண்டு கிழமையில் ஆறிவிடும். நீதவான் முன் அடுத்த தவணையிலேயே சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி சட்டத்தரணி கேட்கட்டும். வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டிருந்தால், தமிழில் வாசித்துக் காட்டப்பட்டதா என்று மச்சானிடம் விசாரித்துக் குறித்து வையுங்கள்.

கூட நின்ற தம்பியையும் தண்டனைச் சட்டக்கோவையின் 32ஆம் பிரிவில், அதாவது பொது எண்ணத்தோடு சேர்ந்து செய்தார் என்று, சேர்த்திருக்கிறார்கள் என்கிறீர்கள். பக்கத்தில் நின்றது மட்டும் பொது எண்ணம் ஆகாது. இருவருக்கும் வேறு வேறு சட்டத்தரணி வைப்பது நல்லது, ஒருவருடைய நலன் மற்றவருக்கு எதிராகப் போகலாம்.

பிணையை நீதவான் தர முடியாது. 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி மேல் நீதிமன்ற நீதிபதிதான். கைதாகி 12 மாதம் கடந்தும் வழக்கு முடியாவிட்டால் 16ஆம் பிரிவை வைத்து விண்ணப்பியுங்கள். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். மேல் நீதிமன்றத்தில் சட்டத்தரணி இல்லாதவருக்கு அரச செலவில் ஒருவரை நியமிக்கவும் கேட்கலாம்.

குற்றப்பத்திரம் வந்த பிறகு, 297இன் கீழ் குற்றத்தை ஏற்பதாகச் சட்டமா அதிபர் தரப்புடன் பேசலாமா என்று சட்டத்தரணியிடம் கேளுங்கள். தீர்ப்பு பாதகமாக வந்தால் மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரிகள் மூலமாகவே மனுவைக் கொடுக்கலாம்.